தினமும் 120 கிலோமீட்டர் ஓட்டப்போகும் மாமாவுக்கு எந்த டீசல் செடான்?

மாமாவின் புது வேலை வீட்டிலிருந்து 60 கிலோமீட்டரில். போக வர 120, பெரும்பாலும் நான்குவழிச் சாலை. “நல்ல டீசல் செடானா ஒண்ணு பாரு மாப்ளே, பழசா இருந்தாலும் பரவாயில்லை” என்று பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார். இணையத்தைத் திறந்தால் ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் வெர்னாவின் பிக்கப்பில் சொக்கிக் கிடக்கிறார். இன்னொருவர் சியாஸின் மைலேஜை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். மூன்றாமவர் ஜெர்மன் காரின் கதவு மூடும் சத்தத்தைப் பற்றியே பத்து வரி எழுதியிருக்கிறார். ஓட்டப்போவது இவர்களில் யாரும் இல்லை, நீங்களும் இல்லை. 52 வயதில் தினம் இரண்டரை மணி நேரம் கிளட்ச் மிதிக்கப்போகிறவர் மாமா. அதனால் இந்த ஒப்பீடு அவருடைய முட்டியிலிருந்தும், வண்டி நின்றுபோனால் அவர் கூப்பிடக்கூடிய மெக்கானிக்கிலிருந்தும் தொடங்குகிறது.

## ஷோரூமுக்குப் போனால் கிடைக்குமா?

கிடைக்காது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதியும் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவும் இங்கே சின்ன டீசல் எஞ்சின்களைக் கைகழுவின. டொயோட்டா எட்டியோஸும் அத்தோடு போய்விட்டது. ஹோண்டா சிட்டியும் ஹூண்டாய் வெர்னாவும் மட்டும் 2023 தொடக்கம் வரை டீசலில் தாக்குப்பிடித்தன. இப்போது புது டீசல் செடான் என்றால் சொகுசுக் கார்களில்தான் பார்க்க வேண்டும்.

ஆக, பட்டியல் முழுக்கப் பழைய வண்டிதான்: சிட்டி, சியாஸ், வெர்னா, வென்டோ (அதன் உடன்பிறப்பு ரேபிட்), எட்டியோஸ். சிட்டி, வெர்னா இரண்டைத் தவிர மற்றவற்றின் கடைசி வண்டியே 2020 ஏப்ரலுக்கு முந்தையது. மாடலைவிட, நம் கைக்கு வரும் அந்த ஒரு வண்டியை முந்தைய ஆள் எப்படி வைத்திருந்தார் என்பதுதான் பாதி முடிவைத் தீர்மானிக்கும்.

## முதலில் காசுக் கணக்கு

மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 36,000 கி.மீ. சென்னை விலையை ஒட்டி டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 கொடுக்கும் டீசல் செடானுக்கு 1,800 லிட்டர், அதாவது 1,65,600 ரூபாய். அதே அளவு பெட்ரோல் செடான் 16 கொடுத்தால் 2,250 லிட்டர், 2,25,000 ரூபாய். ஆண்டுக்கு 59,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இந்த ஓட்டத்துக்கு டீசல் சரிதான்.

ஓட்டம் குறைந்தால் கணக்கு மாறும். ஆண்டுக்கு 12,000 கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் மிச்சம் 20,000 ரூபாயைத் தொடாது. டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ என்று ஒரு செலவு வந்தால் அதுவும் போச்சு. மாமாவின் வேலை இரண்டு வருடத்தில் மீண்டும் உள்ளூருக்கு மாறுமா என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

டீசலுக்கும் டீசலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 22 கொடுக்கும் வண்டிக்கும் 20 கொடுக்கும் வண்டிக்கும் ஆண்டுக்கு 164 லிட்டர், சுமார் 15,000 ரூபாய் வித்தியாசம். ஒரு இன்ஜெக்டர் மாற்ற நேர்ந்தால் அந்த மிச்சம் காணாமல் போகும். மைலேஜுக்காக மட்டும் ஒரு மாடலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பது இதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது?

உடம்பு. கிளட்ச் எவ்வளவு கனம், சீட் உயரத்தை மாற்ற முடியுமா, ஸ்டீயரிங்கை மேலே கீழே மட்டுமா, முன்னே பின்னேயும் இழுக்க முடியுமா. ஒரு நாள் ஓட்டினால் தெரியாது. மூன்று மாதத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

90, 100-இல் நிதானம். நான்குவழிச் சாலையில் கார்களுக்கான உச்ச வரம்பை மத்திய அரசு 2018-இல் 100 என்று வைத்தது. அந்த வேகத்தில் பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் கடக்கும்போது வண்டி அலையாமல் இருக்க வேண்டும். 160-இல் எப்படிப் போகும் என்ற பேச்சே இங்கே வேண்டாம்.

முந்தும் தெம்பு. 70-இல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கியரைக் குறைக்காமலேயே 95-க்கு ஏற முடிகிறதா? இதைக் குதிரைத்திறன் சொல்லாது. குறைந்த ஆர்.பி.எம்.-இல் கிடைக்கும் டார்க் என்ற இழுவிசைதான் சொல்லும்.

பக்கத்து மெக்கானிக். ஆண்டுக்கு 36,000 ஓடினால் 10,000-க்கு ஒரு சர்வீஸ் என்ற கணக்கில் மூன்று, நான்கு முறை வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அந்த ஒர்க்‌ஷாப் 80 கி.மீ. தள்ளி இருந்தால் மாமா சர்வீஸைத் தள்ளிப்போடுவார்.

ஆயுசு. வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைப்பது டைமிங் செயினா, பெல்ட்டா. டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி உண்டா, இல்லையா. ஆர்.சி.யில் 15 வருடத்துக்கு இன்னும் எவ்வளவு மிச்சம்.

| | சிட்டி | சியாஸ் | வெர்னா | வென்டோ / ரேபிட் | எட்டியோஸ் |
|---|---|---|---|---|---|
| எஞ்சின் | 1.5 ஐ-டி.டெக் | 1.3, பின்பு 1.5 டி.டி.ஐ.எஸ். | 1.6, பின்பு 1.5 சி.ஆர்.டி.ஐ. | 1.5 டி.டி.ஐ. | 1.4 டி-4டி |
| குதிரைத்திறன் | 100 | 90 / 95 | 128 / 115 | 105, பின்பு 110 | 68 |
| டார்க் (நியூட்டன் மீட்டர்) | 200 | 200 / 225 | 260 / 250 | 250 | 170 |
| மேனுவல் கியர் | 6 | 5 / 6 | 6 | 5 | 5 |
| ஆட்டோமேட்டிக் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு (டி.எஸ்.ஜி.) | இல்லை |
| டைமிங் | செயின் | செயின் | செயின் | பெல்ட் | செயின் |
| டேங்க் (லிட்டர்) | 40 | 43 | 45 | 55 | 45 |
| நெடுஞ்சாலையில் எதிர்பார்க்கத்தக்க மைலேஜ் | 19–22 | 20–24 | 17–20 | 17–20 | 19–22 |

கடைசி வரி 90-ஐ ஒட்டி, ஏசி போட்டு, சீராக ஓட்டுபவருக்கு. நிறுவனங்கள் சொன்ன எண்கள் இதைவிட எட்டத்தில் இருக்கும்: 2014 சிட்டிக்கு 26, சியாஸ் ஹைபிரிடுக்கு 28.09. அவை சோதனைக்கூடத்து எண்கள்.

## ஹோண்டா சிட்டி 1.5 ஐ-டி.டெக்

2014-இல் வந்த நான்காம் தலைமுறை, 2020 ஜூலையில் வந்த ஐந்தாம் தலைமுறை என்று இரண்டு. எஞ்சின் குடும்பம் ஒன்றே. பிந்தையது பி.எஸ்.6, டி.பி.எஃப். உண்டு.

மாமா போன்றவர்களுக்கு இதில் முதலில் பிடிப்பது கிளட்ச்சும் கியரும். டீசல் கார் என்றே தோன்றாத அளவுக்கு இலகு. ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகரும் என்பதால் குள்ளமானவரும் உயரமானவரும் தங்களுக்கு ஏற்றபடி உட்காரலாம். டர்போ சிக்கலில்லாத வகை. 1,750-இலேயே முழு டார்க்கும் வந்துவிடுவதால் ஆறாவது கியரில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம். நான்காம் தலைமுறை சிட்டிக்கு குளோபல் என்கேப் விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் 4 நட்சத்திரம் கிடைத்தது.

குறை சத்தம். நான்காம் தலைமுறையில் எஞ்சின் இரைச்சல் உள்ளே நன்றாகவே கேட்கும். டெஸ்ட் டிரைவில் “பரவாயில்லையே” என்று தோன்றும். தினம் இரண்டரை மணி நேரம் கேட்டால் தலைவலி. ஐந்தாம் தலைமுறையில் தேவலாம். இன்னொன்று 40 லிட்டர் டேங்க். தினம் 6 லிட்டர் போனால் ஆறாவது நாள் பங்க்கில் நிற்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பும் ஆளுக்கு எரிச்சல்.

எப்போது சிட்டி: மேனுவல் போதும், முட்டிவலி லேசாக உண்டு, பக்கத்தில் ஹோண்டா சர்வீஸ் இருக்கிறது என்றால்.

## மாருதி சியாஸ் டி.டி.ஐ.எஸ்.

1.3 எஞ்சின் ஃபியட்டின் மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் லினியா என்று எத்தனையோ வண்டிகளில் ஓடிய எஞ்சின். திண்டிவனத்திலோ தொப்பூரிலோ வண்டி நின்றாலும், அதைத் திறந்து பார்த்த கை பக்கத்தில் எங்கோ இருக்கும். இந்த ஒரு காரணம் பலருக்குப் போதுமானது.

பின் சீட் இடம் இந்தப் பட்டியலில் முதல் தரம். டிக்கி 510 லிட்டர். ஆனால் தினம் மாமா தனியாகத்தானே போகிறார்? பின் சீட்டைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்.

1.3-இல் 2,000 ஆர்.பி.எம்.-க்குக் கீழே உயிர் இருக்காது. டர்போ விழித்துக்கொள்ளும் வரை ஒரு சோம்பல். லாரியை முந்த ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கியே ஆக வேண்டும். பழகினால் கை தானாகவே செய்யும், பழகாதவருக்கு நடு ரோட்டில் வயிற்றைக் கலக்கும். 2019 மார்ச்சில் வந்த மாருதியின் சொந்த 1.5 டீசலில் இந்தக் குறை போய்விட்டது: 1,500-இலேயே 225 டார்க், ஆறு கியர். ஒரு வருடம்தான் விற்றது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை.

1.3-இல் பார்க்க வேண்டியது இரண்டு. எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் டைமிங் செயின் நீண்டுபோகும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில நொடி சங்கிலி உரசும் கலகலச் சத்தம் கேட்டால் செலவு காத்திருக்கிறது. அடுத்து, 2015 செப்டம்பருக்குப் பிந்தைய எஸ்.எச்.வி.எஸ். ஹைபிரிட் வண்டிகளில் பேட்டரி சாதாரண ரகம் அல்ல. மலிவான பேட்டரியை மாட்டியிருந்தால் சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து எழும் வசதி வேலை செய்யாது. ஸ்டீயரிங்கை மேலே கீழே மட்டுமே மாற்றலாம் என்பதையும் கவனியுங்கள்.

எப்போது சியாஸ்: வீடு சிற்றூரில், நிறுவன சர்வீஸ் எட்டத்தில், வார இறுதியில் குடும்பமும் ஏறும் என்றால்.

## ஹூண்டாய் வெர்னா சி.ஆர்.டி.ஐ.

முந்தும் தெம்பில் இதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. 1.6-இல் 128 குதிரைத்திறன், 260 டார்க். 2020-க்குப் பின் 1.5-இல் 115, 250. காகிதத்தில் குறைந்தாலும் சாலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இரண்டு வெர்னாக்களை ஒன்றாகப் பார்க்கக் கூடாது. 2011-இல் வந்த ஃப்ளூயிடிக் வெர்னாவின் பின் சஸ்பென்ஷன் மெத்தென்றிருக்கும். 100-இல் ஒரு மேடு தாண்டினால் பின்பக்கம் படகுபோல் ஆடும், ஸ்டீயரிங்கும் காற்றில் பிடித்ததுபோல் இருக்கும். அத்தனை பலமுள்ள எஞ்சினுக்கு அந்த அடிக்கட்டு பொருத்தமில்லை. தினசரி நெடுஞ்சாலை என்றால் விலை எவ்வளவு இறங்கி வந்தாலும் அதை ஒதுக்குவதே சரி. 2017 ஆகஸ்ட்டில் வந்த தலைமுறை இந்தக் குறையைப் பெரிதும் திருத்திக்கொண்டது. தேடுவதென்றால் அதிலிருந்துதான்.

இந்தப் பட்டியலில் வெர்னாவைத் தனியாக நிறுத்துவது அதன் 6-கியர் ஆட்டோமேட்டிக். பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் வகை, அடம் குறைவு. நெடுஞ்சாலையில் கிளட்ச் வேலை குறைவுதானே என்பார்கள். நெடுஞ்சாலையில் ஏறும் முன் 4 கி.மீ., இறங்கிய பின் 5 கி.மீ., சுங்கச்சாவடி வரிசை, ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை வாசலில் பஸ்கள் குவியும் அரைமணி நேரம்: முட்டி தேய்வது அங்கேதான். மாமா ஏற்கெனவே படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறார் என்றால், மேலே மேனுவல்களைப் பற்றி எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு இதைத் தேடுங்கள். மைலேஜ் ஒன்றிரண்டு குறையும். ஆண்டுக்கு 15,000 ரூபாய் போகட்டும்.

எப்போது வெர்னா: முட்டிவலி உண்டு, அல்லது பாதையில் இருவழிச் சாலை அதிகம், அடிக்கடி முந்த வேண்டும் என்றால்.

## ஃபோக்ஸ்வாகன் வென்டோ, ஸ்கோடா ரேபிட்

ஓட்டிப் பார்த்தால் மனசு இங்கேதான் சாயும். 100-இல் தண்டவாளத்தில் போவதுபோல் நிற்கும். சீட்டும் கெட்டி. 55 லிட்டர் டேங்க்கில் மாமா எட்டு நாள் ஓட்டுவார்.

ஆனால் வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் விலை வேறு. பழைய சந்தையில் இவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

முதல் காரணம் டைமிங் பெல்ட். மற்ற நான்கிலும் செயின். இதில் ரப்பர் பெல்ட். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் மேல்பாகமே போகும். பெல்ட் மாற்றியதற்கான பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும். பெல்ட்தான் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் இறுகிப்போனால் புது பெல்ட்டும் போய்விடும். பேரம் பேசும்போதே இந்தத் தொகையைக் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது டூயல் மாஸ் ஃப்ளைவீல், அதாவது எஞ்சினின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் இரட்டைச் சக்கரம். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் கிளட்ச் மாற்றப் பிரித்தால் இதையும் சேர்த்து மாற்றும்படி ஆகலாம். எஞ்சினை அணைக்கும் நொடியில் ‘கடகட’ என்று ஒரு உதறல் வந்தால் அதுதான்.

மூன்றாவது டி.எஸ்.ஜி. என்ற ஆட்டோமேட்டிக். 7 கியர், இரண்டு உலர் கிளட்ச் உள்ள வகை. ஓடும் சாலையில் வெண்ணெய், நகரும் நெரிசலில் சூடேறித் தவிக்கும். கியரை மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் பாகம் போனால் வரும் பில், பழைய வண்டியின் மதிப்பில் கணிசமான பங்காக இருக்கும். ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் வெர்னா பக்கம் போங்கள்.

இந்த எஞ்சின் குடும்பம்தான் சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய மோசடி விவகாரத்தில் சிக்கியது. 2015 டிசம்பரில் இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருள் மாற்றப்போவதாக ஃபோக்ஸ்வாகன் அறிவித்தது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அது செய்யப்பட்டதா என்று சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது வென்டோ: மேனுவல், முழு சர்வீஸ் ரெக்கார்டு, இந்தக் கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு நல்ல மெக்கானிக் கைவசம். மூன்றும் சேர்ந்தால் மட்டும்.

## டொயோட்டா எட்டியோஸ்

68 குதிரைத்திறனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கால் டாக்சி ஓட்டுபவர்கள் இதை ஏன் விடாமல் வைத்திருந்தார்கள் என்று யோசியுங்கள். எஞ்சின் எளிமையானது, பழுது குறைவு, டிக்கி 590 லிட்டருக்கு மேல். 85-இல் போகிறவருக்குக் குறை தெரியாது. 100-இல் முந்த நினைத்தால் இழுவை தீர்ந்துவிடும். உள்ளே பிளாஸ்டிக் சுமார், சத்தம் தாராளம்.

பெரிய ஆபத்து வண்டியில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றி, மூன்று லட்சம் ஓடியதை எண்பதாயிரமாகக் குறைத்து விற்பது இதில் சகஜம். ஆர்.சி. விவரத்தில் முதல் பதிவு எந்த வகையில் இருந்தது என்று பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பர், கியர் குமிழ், ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் மூன்றும் தேய்ந்து வழவழவென்றிருக்க, மீட்டர் மட்டும் 80,000 காட்டினால் நம்பாதீர்கள்.

எப்போது எட்டியோஸ்: பட்ஜெட் மிகக் குறைவு, மாமா 85-ஐத் தாண்டாத நிதானக்காரர், ஆரம்பத்திலிருந்தே வெள்ளை போர்டு என்றால்.

## பி.எஸ்.4-ஆ, பி.எஸ்.6-ஆ?

2020-க்குப் பிந்தைய சிட்டி, வெர்னாவில் புகைக்குழாய் வழியில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும் எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தி, 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அதை எரித்துவிடும். அதற்கு 60-க்கு மேல் சீரான வேகத்தில் 15–20 நிமிடம் ஓட வேண்டும். மாமாவின் பாதை இதற்கென்றே அமைந்ததுபோல. டி.பி.எஃப். அடைப்பு ஊருக்குள் மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துபவர்களின் தலைவலி.

சிக்கல் முந்தைய உரிமையாளரிடம். அவர் ஊருக்குள்ளேயே ஓட்டியிருந்தால், எரிப்பு பாதியில் நின்று, கூடுதலாகச் செலுத்திய டீசல் பிஸ்டன் ஓரமாக வழிந்து எண்ணெயில் கலந்திருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டு எடுங்கள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதா? விரலில் தொட்டால் கஞ்சித் தண்ணிபோல் நீர்த்து, டீசல் வாடை அடிக்கிறதா? எண்ணெய் குறைந்தால்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள், டி.பி.எஃப். வண்டியில் கூடினாலும் ஆபத்துதான். அந்த நீர்த்த எண்ணெயில்தான் டர்போ சுற்றிக்கொண்டிருந்தது.

வாங்கியபின் ஒரே கட்டுப்பாடு: சாம்பல் குறைந்த எண்ணெய் மட்டும். டப்பாவில் ஏ.சி.இ.ஏ. சி2 அல்லது சி3 என்று கையேடு சொல்லும் தரம் இருக்க வேண்டும். பழக்கத்தில் மெக்கானிக் ஊற்றும் சாதாரண டீசல் எண்ணெயின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

பி.எஸ்.4 வண்டிக்கு இந்த வம்பு இல்லை. ஆனால் வயது ஆகிவிட்டது. 2016 வண்டி என்றால் 2031-இல் 15 வருடம் முடிகிறது. அதன் பின் எஃப்.சி. பார்த்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 36,000 ஓடும் வண்டிக்கு அதற்குள் ஆயுள் தீர்ந்தே போகும் என்பதால் இதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

## விளம்பரத்தில் எழுதாத செலவுகள்

டயர் ஒரு செட் 45,000 கி.மீ. வந்தால் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை நான்கும் மாற்ற வேண்டும். 16 அங்குல அலாய் உள்ள உயர் வேரியன்ட்டுக்கு 15 அங்குலத்தைவிடச் செலவு கூடும், அதிர்வும் கூடும். நடுத்தர வேரியன்ட் போதும். ஆனால் 2019-க்கு முந்தைய கீழ் வேரியன்ட் என்றால் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். ஏ.பி.எஸ். எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான்.

சுங்கம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான் என்றாலும் பட்ஜெட்டில் எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்று அறிமுகமானது. பாதையில் ஒரு சாவடி இருந்தாலே மாதம் 50 கடப்பு, பாஸ் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். விற்பவருடைய ஃபாஸ்டேக்கை அவர் முடிக்காமல் உங்களுக்குப் புதிது கிடைக்காது. பணம் கைமாறும் நாளிலேயே அதை முடிக்கச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது பழைய உரிமையாளருக்குச் சொந்தம். பாலிசியை 14 நாளுக்குள் மாமா பெயருக்கு மாற்ற வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் முடிந்த வண்டியென்றால் 35-உம். வெளிமாநில வண்டியென்றால் 28, அதாவது என்.ஓ.சி. டெல்லியிலிருந்து வரும் வண்டிகள் மலிவாகத் தெரியும். இங்கே மறுபதிவும் ஆயுள் வரியும் கட்டி முடித்தபின் கூட்டிப் பாருங்கள், அந்த மலிவு பெரும்பாலும் நிற்காது.

## வண்டியைப் பார்க்கும் அன்று

காலையில் போங்கள், எஞ்சினை முன்கூட்டியே சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்.

ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, துளையின் மேல் லேசாக வையுங்கள். கொஞ்சம் நடுங்கினால் சரி. துள்ளிக் குதித்து, புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பலாம். சைலன்சரில் நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது, டர்போ சீல் சந்தேகம். கரும்புகை என்றால் இ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு) அல்லது இன்ஜெக்டர். வெள்ளைப்புகை சூடான பின்னும் நிற்கவில்லையென்றால் கூலன்ட் உள்ளே போகிறது.

கிளட்ச்சுக்கு: 40-இல் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் தட்டு முடிந்துவிட்டது.

சென்னை வண்டியென்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் மறக்காதீர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டிக்கும் 2023 டிசம்பர் பொருந்தும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே பளபளப்பாகக் கழுவியிருப்பார்கள், சுருளின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும்.

இவ்வளவிலும் தேறி இரண்டு வண்டி மிஞ்சினால், சாவியை மாமாவிடம் கொடுத்து, அவர் வேலைக்குப் போகும் அதே நேரத்தில் அதே சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்காமல் வாருங்கள். திரும்பி வந்து இறங்கியதும் அவர் கை முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். இடுப்புக்குப் போனால் அந்த சீட் அவருக்கு ஆகாது. முட்டிக்குப் போனால் அந்த கிளட்ச் ஆகாது. இரண்டுக்கும் போகாமல் சட்டைப்பையில் செல்போனைத் தேடினால், முன்பணம் கொடுத்துவிடலாம்.